காய்ந்த தரையில் ஒரு கறுப்பு பானெட்

கற்பகவல்லிக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினால் போதும், நாக்கடியில் எச்சில் ஊறத் தொடங்கிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சாத்தூர் வரைக்கும் போனது அவருடைய வாழ்நாள் சாதனை. பஸ் என்றால் அந்தத் தொந்தரவே கிடையாது; ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டே மதுரைக்குப் போய்வருவார். காரியாபட்டியில் நடந்த நாத்தனார் மகள் கல்யாணத்துக்குக் குடும்பமே வாடகைக் காரில் போனபோது, இவர் மட்டும் பஸ்ஸில் போய், அவர்களுக்கு முன்னால் சேர்ந்து, பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

இப்படிப்பட்டவருக்குச் சோறு போடுவது கார்கள். அதுவும் தெருவில் ஓடும் கார்கள் அல்ல. ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுக்கு முன்னால் செய்யப்பட்டு, செய்தவர்கள் காலமாகி, உதிரிபாகம் விற்ற கடைகளும் மூடப்பட்டு, வாங்கியவர்களின் பைத்தியம் மட்டும் தெளியாததால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பந்தயக் கார்கள். அவற்றின் பானெட், கதவு, மட்கார்டு என்று துரு தின்றதையெல்லாம் கார்பன் ஃபைபரிலும் கெவ்லரிலும் புதிதாகச் செய்து தருகிறார். முதலாவது, கரியை இழையாக்கி நெய்த கறுப்புத் துணி. இரண்டாவது மஞ்சள் துணி. குண்டு துளைக்காத சட்டைக்குள் இருப்பது, சாதாரணக் கத்தரிக்கோலை மழுங்கடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இரண்டையும் ரெசின் என்கிற பிசினில் தோய்த்து, மோல்டில் படுக்கவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை போட்டுப் பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினால், ஒரு கையால் தூக்கக்கூடிய பானெட் ஒன்று கிடைக்கும். அதன் மேல் ஏறி நிற்கலாம். கற்பகவல்லி ஏறி நின்று காட்டுவார். வாங்க வந்தவருக்குத்தான் உயிர் போய் வரும்.

பூனாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தை எதிர்பார்த்து வருவார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கிளைப்பாதை பிரியும் விஸ்வநத்தம் விலக்கில் விசாரித்தால், "கறுப்புத் துணிக் கம்பெனியா? வேப்பமரத்துக்கு அங்கிட்டு" என்று கை காட்டப்படும். மரத்துக்கு அங்கிட்டு இருப்பது, ஒரு காலத்தில் தீக்குச்சி காயவைத்த ஷெட். உள்ளே சேலைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண்மணி நிற்பார். வந்தவர் அவரிடம், "மேனேஜர் இருக்காரா?" என்று கேட்பார். "இருக்காரு, சொல்லுங்க" என்பார் கற்பகவல்லி.

அவர் இந்த வேலைக்கு வந்த கதை சின்னது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து லட்சுமிகாந்தம் என்பவருடைய பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார்; குழாய்க்குத் தாள் ஒட்டுவதும் பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதும் அவ்வப்போது சேர்ந்து வரும். வெடிப்பொடியை இந்தப் பக்கம் மருந்து என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் அதில் உறுத்தல் இல்லை. ஒரு வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருந்த நாட்களில், கணவரின் தம்பி முனியராஜ் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே பந்தயக் கார்களுக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறையில் பல வருஷம் இருந்தவன். சொந்தமாகத் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்லி, ஒரு சுருள் கறுப்புத் துணியுடன் வந்திருந்தான். ஷெட்டை வாடகைக்குப் பிடித்த முதல் வாரத்தில், ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் ஒரு வாளியில் மொத்தமாகக் கலக்கினான். வாளி சூடாகி, புகைந்து, அடி உருகியது. முனியராஜ் வெளியே ஓடினான். சாப்பாடு கொண்டுவந்த கற்பகவல்லி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கம்பால் வாளியைத் தள்ளிக்கொண்டு போய் வெளியே மண்ணில் கவிழ்த்தார்.

"எதுக்குலே அம்புட்டையும் ஒண்ணாக் கலக்குனே? மருந்தை எவனாவது வாளியில கலப்பானா?"

"இது மருந்து இல்ல மதினி, ரெசின்."

"சூடேறுதா? புகையுதா? அப்ப மருந்துதான். கைக்கு வேண்டியதை மட்டும் கலக்கு. தீந்தா மறுபடி கலக்கு."

அன்றைக்குச் சும்மா ஒத்தாசைக்கு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. தாளைச் சுருக்கமில்லாமல் குழாயில் ஒட்டிப் பழகிய விரல்கள், கார்பன் துணியின் நெசவைக் கோணாமல் வளைவில் படியவைத்தன. ஒரு வருஷத்தில் முனியராஜ் மோல்டு செய்கிறவனாகவும், மற்ற எல்லாமாகக் கற்பகவல்லியும் ஆகியிருந்தார்கள். இதில் அவருக்குத் தன்னடக்கம் எதுவும் கிடையாது. "எங்கை மாதிரி கை இந்த ஜில்லாவிலயே கெடையாது" என்பதை வணக்கம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு குறை. அவர் செய்தனுப்பியதெல்லாம் வேறு ஊர்ப் பட்டறைகளுக்குப் போய், அங்கே பெயிண்ட் பூசிக்கொண்டு, அந்தப் பட்டறைகளின் பெயரில் கார்களில் ஏறியது. எந்தக் காரின் மேலும் கற்பகவல்லி கண்ணுக்குத் தெரியவில்லை. தன் பெருமையைத் தானே சொல்ல வேண்டியிருப்பது அவருக்குக்கூடச் சில சமயம் அலுப்பாக இருந்தது.

அப்போதுதான் லட்சுமிகாந்தமே வந்தார்.

அறுபதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை, பையில் அச்சுப் புள்ளி பார்க்கிற சின்ன பூதக்கண்ணாடி. பட்டாசுக்கு லேபிள் அடிக்கிற ஊரில் முதலாளி என்றால் அந்தக் கண்ணாடி இல்லாமல் சட்டைப்பை நிறையாது. அவரிடம் ஒரு சிவப்புக் கார் இருந்தது. அறுபதுகளில் இத்தாலியில் பிறந்து, ஒரு தேயிலைத் தோட்டக்காரரிடம் வளர்ந்து, இவரிடம் வந்து சேர்ந்தது. அதை ஓட்டுவதைவிடத் துடைப்பதில்தான் அவருக்கு நேரம் போனது. கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்று நடக்கும் பந்தயத்தில் இந்த முறை இறங்குவதாக இருந்தார். பானெட்டைத்தான் துரு அரித்திருந்தது.

"என்ன கற்பகம், நம்ம கம்பெனியை விட்டுட்டு இங்கன வந்து கரிவேலை பாக்கியாமே" என்றார், வாசலில் நின்றபடி.

"வாங்க அண்ணாச்சி."

பழைய வழக்கப்படி அங்கே "மொதலாளி" என்றுதான் வந்திருக்க வேண்டும். சம்பளம் கொடுப்பவர் முதலாளி. சரக்கு வாங்க வருகிறவர் அண்ணாச்சி. இந்தக் கணக்கு லட்சுமிகாந்தத்துக்கும் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

தனக்கு வேண்டியதைச் சொன்னார். கனம் குறைவாக இருக்க வேண்டும். மேலே அசல் சிவப்பு பெயிண்ட் அடித்து, பார்த்தால் பழைய இரும்பு மாதிரியே தெரிய வேண்டும்.

"பெயிண்ட் வேணாம் அண்ணாச்சி. நெசவு தெரியட்டும்" என்றார் கற்பகவல்லி.

"நெசவு தெரிஞ்சா குத்தமும் தெரியும்."

"எங்கையில குத்தம் வராது."

"உன் வாயிலயும் ஒண்ணும் கொறைஞ்சி வராதே." லட்சுமிகாந்தம் பூதக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை வச்சுப் பாப்பேன். நகக்கண் அளவு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சாலும் செவப்பு பெயிண்டுதான்."

"தெரியலேன்னா?"

"அப்படியே கறுப்பா மாட்டி ஓட்டுதேன்."

"எங்க லேபிளும் இருக்கும். பானெட்டோட சேந்து, ரெசினுக்குள்ள."

"லேபிளா?"

"லேபிள் இல்லாம நீங்க என்னைக்காவது பட்டாசு அனுப்பிருக்கீகளா?"

லட்சுமிகாந்தம் பூதக்கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏதோ மூலையில் சின்னதாக ஒரு பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

லேபிள் பேச்சுக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. லட்சுமிகாந்தத்தின் கம்பெனி மத்தாப்புப் பெட்டிகளில் அவருடைய மகள் ஐஸ்வர்யாவின் குழந்தைப்படம் இருக்கும். தலையில் ரிப்பன், கையில் கம்பி மத்தாப்பு, வாய் நிறையச் சிரிப்பு. ஐஸ்வர்யா வளர்ந்து, படித்து, சிங்கப்பூரில் பெரிய வேலையில் இருக்கிறாள். பெட்டியில் மட்டும் இன்னும் பால்பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. தான் நிரப்பிய ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பாப்பாவைத் தடவி ஒட்டிய கற்பகவல்லிக்கு அவள்மேல் கோபமெல்லாம் இல்லை. ஒரு யோசனை மட்டும் வந்திருந்தது.

சிவகாசியில் முதலில் லேபிள் அச்சாகும், சரக்கு பிறகுதான். இங்கே மட்டும் அது மாறுமா? கற்பகவல்லி மறுநாளே பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு சங்கையாவின் அச்சகத்துக்குப் போனார். பட்டாசு லேபிள் அடிப்பதில் ஊறிப்போன மனிதர் அவர். கிளியா, மயிலா, குழந்தையா என்று கேட்டார். "நான்" என்றார் கற்பகவல்லி. போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். மூக்குத்தியும் முறைப்புமாக அந்த முகம் ஜிகினாத் தாளில் அச்சாகி, ஓரத்தில் ரோஜாப்பூ, கீழே போன் நம்பருடன் வந்தது. சாதாரணத் தாள் ரெசினில் ஊறினால் கண்ணாடிபோல ஆகிவிடும், ஜிகினாதான் நிற்கும் என்று முனியராஜ் சொல்லி அனுப்பியிருந்தான். ஒரு லேபிள் போதும் என்றபோது சங்கையா சிரித்தார். ஐயாயிரத்துக்குக் குறைந்து மிஷினை ஓட்டுவது அவருடைய மரபில் இல்லை.

கட்டு வந்ததும் முனியராஜ் ஒன்றை எடுத்துப் பார்த்தான். போன் நம்பருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

"மதினி, இதைப் படிச்சீகளா? 'சிறுவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தவும்.'"

எந்த லேபிளானாலும் சங்கையாவின் அச்சகத்தில் அந்த வரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இது பட்டாசு இல்லை என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னாலும் நம்பியிருக்கமாட்டார்.

கற்பகவல்லி யோசித்தார். "இருக்கட்டும்லே. இந்தக் காரெல்லாம் ஓட்டுதவுக யாரு, சின்னப்புள்ளைகதான? அவுக வீட்டம்மாமாருக்கு உதவும்."

எல்லாம் தயார். பானெட்தான் வரவில்லை.

முதல் பானெட்டை மோல்டிலிருந்து கழற்றியபோது, கறுப்புக் கண்ணாடிபோல இருக்கவேண்டிய பரப்பில், நடுவில் வெள்ளைத் திட்டு. பால் சிந்தித் துடைக்காமல் விட்டதுபோல. தேய்த்துப் பார்த்தார்கள், போகவில்லை. திட்டு மேலே இல்லை, உள்ளே இருந்தது. முன்பெல்லாம் இது வந்ததா என்றால், வந்திருக்கலாம். பெயிண்டுக்கு அடியில் போன பொருளில் வெள்ளையை யார் தேடினார்கள்?

இரண்டாவதிலும் திட்டு. இந்த முறை ஓரத்தில் இருந்து நடுவுக்குப் படர்ந்திருந்தது.

முனியராஜ் ரெசின் விற்ற சென்னைக் கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தான். வேறு ரெசின் வந்தது. மோல்டுக்குப் பூசும் மெழுகை மாற்றினான். தூசு விழுகிறதோ என்று ஜன்னல் இடுக்குகளையெல்லாம் துணி வைத்து அடைத்தான். அதற்கப்புறம் வந்த பானெட் இன்னும் வெள்ளையாக இருந்தது. கற்பகவல்லி தன் பங்குக்குப் பூசணிக்காய் வாங்கிச் சுற்றி உடைத்தார். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டார்.

"கண்ணேறு ரெசினுக்குள்ள எப்படி மதினி போகும்?"

"தூசி போகும்னு நீ அடைச்சியே, நின்னுச்சா?"

கற்பகவல்லியின் கணவர் வெள்ளைத்துரை பட்டாசு லோடு ஏற்றும் லாரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் மூன்று பானெட்டுகளையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "செவப்பு நல்ல கலருதான்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு ரசம் ஊற்றப்படவில்லை.

விளையாட்டாக இருந்தாலும், விஷயம் விளையாட்டில்லை என்பது கற்பகவல்லிக்குத் தெரிந்திருந்தது. தென்னாட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கூடும் இடம் அந்தப் பந்தயம். அங்கே கறுப்பாகப் போனால் கற்பகவல்லி என்று ஒருத்தி இருப்பது தெரியும். சிவப்பாகப் போனால், இனிமேல் செய்வதும் எவன் பெயருக்காவது அடியில்தான் கிடக்கும். லட்சுமிகாந்தம் வேறு, பெயிண்ட் கடைக்காரரிடம் சிவப்பைக் கலந்து வைக்கச் சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது.

இதற்கிடையில் பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக் கூடுகள் செய்ய வேண்டியிருந்தது. இடது, வலது என்று ஒரு ஜோடி. மோல்டு சின்னது, ஒரு நாளைக்கு ஒன்று என்று திட்டம். இடது செய்கிற அன்று காலையில் பஞ்சாயத்து மோட்டார் எரிந்துபோய்த் தண்ணீர் வரவில்லை. குடிப்பதற்கே பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சி வாங்கவேண்டியிருந்தது. கற்பகவல்லி நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் மோட்டார் சரியாகி, தண்ணீர் வந்தது, வலது செய்யப்பட்டது.

இரண்டையும் கழற்றி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இடது கூட்டில் முகம் பார்க்கலாம். வலது கூட்டில் பால்.

"பூசணிக்காய்" என்றார் கற்பகவல்லி முதலில்.

"பூசணிக்காய் இடது பக்கத்துக்கு மட்டும் வேலை செஞ்சிச்சோ?"

ஒரே டப்பா ரெசின், ஒரே துணி, ஒரே மெழுகு, ஒரே கை. கற்பகவல்லி இடதைப் பார்த்தார், வலதைப் பார்த்தார். பிறகு பார்வை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த வாளிக்குப் போனது. போனது அங்கேயே நின்றது.

மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் யாரும் காய்ந்த தரையில் வேலையைத் தொடங்குவதில்லை. காலையில் முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். தரை ஈரமாக இருந்தால் சிந்திய பொடி அடங்கும், பொறி பிறக்காது. அந்த வாளித் தண்ணீர்தான் அவருடைய கம்பெனியில் எத்தனையோ பேரைச் சாயங்காலம் வீட்டுக்கு நடத்திக் கூட்டிவந்தது. இங்கே வந்த முதல் நாளிலிருந்து கற்பகவல்லி தினமும் ஷெட் தரை முழுக்கக் கைவீசித் தெளித்துக்கொண்டிருந்தார். பட்டாசு அறையில் கதவுகள் எல்லாப் பக்கமும் திறந்திருக்கும். ஈரம் வெளியே போய்விடும். இங்கே தூசுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி, இடுக்கையும் அடைத்து, தகரக் கூரையின் வெயிலில் அந்த ஈரத்தை ஆவியாக்கிக்கொண்டிருந்தார்கள். மோல்டில் முதலில் பூசிய ரெசின், துணி விழும்வரை திறந்து கிடந்து, அந்த ஆவியைக் குடித்து வெளுத்திருக்கிறது.

ஈரம் ரெசினுக்கு ஆகாது என்பது முனியராஜுக்குத் தெரியாததல்ல. கோயம்புத்தூரில் மழை பெய்தால் பட்டறையில் வேலையை நிறுத்திவிடுவார்கள். மழையே எட்டிப் பார்க்காத ஊர் என்பதால்தான் சொந்த ஊரில் தொழில் தொடங்கினான். வறட்சியை நம்பி வந்தவன், மதினி தினமும் தண்ணீர் தெளிப்பதைத் தினமும் பார்த்தான். காலையில் வாசல் தெளிக்கிற பெண்ணை யாராவது நின்று கவனிப்பதுண்டா? அவனும் அந்த ஊரிலேயே பிறந்தவன்.

"ஏலே முனி, நாந்தானா?" என்றார் கற்பகவல்லி.

முனியராஜ் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பானெட்டுக்கும் சேத்து வாசல் தெளிச்சிருக்கீக மதினி."

மறுநாள் காலையில் தரை காய்ந்து கிடந்தது. ஜன்னல் இடுக்குகளில் அடைத்த துணி எடுக்கப்பட்டு, மெல்லிய வலை கட்டப்பட்டிருந்தது. பானெட் மோல்டு மெழுகு பூசித் தயாராக இருந்தது. கற்பகவல்லி வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"வாங்க மதினி."

"வாரேன்."

"இங்கன எதுவும் வெடிக்காது."

"எனக்குத் தெரியும்லே. எங்காலுக்குத் தெரியலையே."

இது பயம் என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். உள்ளங்கால் கூசுகிறது, அவ்வளவுதான் என்பார். திரும்பிப் போய் வாளியில் தண்ணீர் பிடித்தார். முனியராஜ் பதறி எழுந்தான். கற்பகவல்லி வாளியை ஷெட்டுக்குள் கொண்டுவராமல், வேப்பமரத்தடிக்குப் போய், அதே கைவீச்சில் மரத்தைச் சுற்றித் தெளித்தார். வாளி காலியானதும் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக்கையைத் துண்டில் துடைத்து, அந்தத் துண்டையும் வெளியே கொடியில் போட்டுவிட்டு, காய்ந்த தரையில் காலை வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மரத்துக்குத் தினமும் வாளித் தண்ணீர் போகிறது. வெயில்காலத்தில் விலக்கிலேயே பச்சையாக நிற்பது அது ஒன்றுதான்.

மோல்டில் தெளிவான ரெசினைப் பூசினார்கள். அது பிசுபிசுப்பாக இறுகியதும், ஜிகினா லேபிளை முகம் கீழே பார்க்கும்படி முன்மூலையில் வைத்து, கற்பகவல்லி கட்டைவிரலால் ஒரு நீவு நீவினார். பெட்டிக்குப் பெட்டி பாப்பாவை ஒட்டிய அதே நீவு. அதன் மேல் கறுப்புத் துணி, நெசவு நேராக. அதன் மேல் இன்னொன்று. கடைசியாகக் கெவ்லர், என்றைக்காவது மோதி உடைந்தாலும் சில்லுகளைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ள. சிதறுவதைப் பிடித்துவைக்கிற துணி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து கற்பகவல்லிக்கு அதன்மேல் தனி மரியாதை. ரெசினைக் கைக்கு வேண்டிய அளவே கலந்தார், தீர்ந்ததும் மறுபடி கலந்தார். உறையைப் போட்டுப் பம்பை ஓடவிட்டார்கள்.

இறுகிய பிறகு ஓரத்தில் ஆப்பைத் தட்டினான் முனியராஜ். பட்டென்று ஒரு சத்தத்துடன் பானெட் மோல்டை விட்டது. திருப்பினார்கள். ஷெட்டின் கூரை, வலை கட்டிய ஜன்னல், குனிந்து பார்க்கும் இரண்டு தலைகள் எல்லாம் அதற்குள் தெரிந்தன. முன்மூலையில் மூன்றாவதாக ஒரு தலை, மூக்குத்தியுடன் முறைத்துக்கொண்டிருந்தது.

லட்சுமிகாந்தம் வந்தார். பானெட்டை வெயிலில் வைக்கச் சொன்னார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து, குனிந்து, ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். அச்சுத்தாளில் ஒரு புள்ளி விலகியிருந்தால் லோடையே திருப்பி அனுப்புகிறவர். ஒரு வரி விடாமல் உழுவதுபோலப் போய், திரும்பி, மறுபடி போய், கடைசியில் முன்மூலைக்கு வந்து நின்றார். கண்ணாடிக்குள் கற்பகவல்லியின் கண் பூதாகரமாக அவரைப் பார்த்தது.

"இது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"பேரு போடுவேன்னு நினைச்சேன். மூஞ்சியவே போட்டிருக்க."

"ஐஸ்வர்யா பாப்பாவுக்கு மூஞ்சிதான போட்டீக?"

லட்சுமிகாந்தம் இன்னும் குனிந்து கீழ் வரியைப் படித்தார். "சிறுவர்கள் பெரியவர்களின்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, நிமிர்ந்தார். சிரிப்பை அடக்கியதில் காது சிவந்திருந்தது.

"வெள்ளை இருக்கா அண்ணாச்சி?"

"மீசையில இருக்கு" என்றார் லட்சுமிகாந்தம். "பானெட்டுல இல்ல."

பெயிண்ட் கடையில் கலந்து வைத்த சிவப்பை அவர் தன் கம்பெனி கேட்டுக்கு அடித்துக்கொண்டார்.

பந்தயத்துக்குக் கார் வெள்ளைத்துரையின் லாரியில், பட்டாசுக் கட்டுகளைவிடப் பத்திரமாகப் போனது. முனியராஜ் லாரியில் போனான்; கற்பகவல்லி பஸ்ஸில், முறுக்குடன். லட்சுமிகாந்தம் பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தார். கடைசியாக வந்தவருக்கு வழியில் டயர் வெடித்திருந்தது. ஆனால் ஓட்டம் முடிந்து வண்டிகளை நிறுத்தியபோது, ஜெயித்த காரைச் சுற்றி நின்ற கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சிவப்புக் காரிடம் வந்தது. சிவப்பு உடம்பு, கறுப்பு முகம். குனிந்தவர்கள் நிமிரவில்லை. எந்த நாட்டில் செய்தது என்று ஒரு மும்பைக்காரர் கேட்டார்.

"சிவகாசி" என்றார் லட்சுமிகாந்தம்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வெடிக்குமா?" என்று கேட்டார் ஒருவர்.

லட்சுமிகாந்தம் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஒரு புள்ளி காட்டுங்க. வண்டியவே தாரேன்."

அந்த மனிதர் தேடினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கண்ணாடியை வாங்கித் தேடினார். வண்டி லட்சுமிகாந்தத்திடமே இருந்தது. செய்தவர் யார் என்ற கேள்வி வந்ததும், கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த பட்டுச்சேலைப் பக்கம் அவர் கையைக் காட்டினார்.

"அந்தம்மாகிட்டயே கேளுங்க. கற்பகவல்லி, இங்கன வாங்க. இவுக ஏதோ கேக்காக."

வாங்க என்றதைக் கற்பகவல்லி கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல், மெதுவாகவே நடந்து வந்தார். வருகிறவரையும் பானெட்டையும் கூட்டம் மாறிமாறிப் பார்த்தது. அடையாளத்துக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

போன் நம்பர் கேட்டவர்களுக்கு முனியராஜ் லேபிளைக் கொடுத்தான். ஒரு கட்டு தீர்ந்து, இரண்டாவது கட்டைப் பிரித்தான். சங்கையாவின் மரபில் ஞானம் இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த ஓர் அம்மா கீழ் வரியைத் தன் கணவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, பழைய கார்க்காரர்களின் மற்ற மனைவிமாருக்குக் கொடுக்க இன்னும் பத்து லேபிள் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் வந்த ஆர்டர்களுக்கு ஷெட் போதாது, பக்கத்து ஷெட்டையும் பிடிக்க வேண்டும் என்று முனியராஜ் சொன்னான். "அதுக்குத் தண்ணி தெளிக்க வேணாம்னு யாராவது எனக்குத் தெனமும் சொல்லுங்க" என்றார் கற்பகவல்லி.

சாயங்காலம் பாதை காலியானதும் லட்சுமிகாந்தம் காரின் கதவைத் திறந்து பிடித்தார். "ஒரு ரவுண்டு ஏறுங்க. நீங்க செஞ்ச வண்டி."

"எனக்குக் கார் ஆகாது அண்ணாச்சி."

"பானெட்டு மேல ஏறி நிக்கத் தெரியுது, உள்ள உக்காரத் தெரியாதா?"

பேச்சில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவர் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் கையில் இல்லை. கார் உறுமிக் கிளம்பி, வளைவில் சாய்ந்து, நேர்ப்பாதையில் பறந்தது. கற்பகவல்லி அக்கம்பக்கம் பார்க்கவில்லை. எதிரே நீண்டு கிடந்த கறுப்புப் பரப்பின் கோடியில் அவருடைய முகம் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, காற்றைக் கிழித்துப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்று முடிந்து இறங்கியபோது எச்சில் ஊறவில்லை, தலை சுற்றவில்லை. "இன்னொரு ரவுண்டு போவமா?" என்று அவர்தான் கேட்டார். போனார்கள்.

ஊருக்குப் பஸ்ஸில் திரும்பினார். ஜன்னலோர இருக்கை, கையில் முறுக்கு. திண்டுக்கல் தாண்டியதும், பிறந்ததிலிருந்து முதல் முறையாக, பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை.